யார் அந்த லாரன்?

ஒரு வாசகி எழுதியிருந்தார்: "உயர்நிலை ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். கேட்டல் பகுதியின் மாதிரி ஒலிப்பதிவில் ஒருவர் 'லாரன்' என்று யாரைப் பற்றியோ சொன்னார். யார் இந்த லாரன் என்று யோசிப்பதற்குள் அடுத்த மூன்று கேள்விகள் போய்விட்டன. பிறகு எழுத்து வடிவத்தை எடுத்துப் பார்த்தால், லாரன் என்று ஒருத்தியுமே இல்லை. அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. படித்தால் புரிவது கேட்டால் ஏன் புரியமாட்டேன் என்கிறது?"

பேசியவர் சொன்னது 'லா அண்ட் ஆர்டர்'. சட்டம் ஒழுங்கு. அதற்குள் லாரன் எப்படி நுழைந்தாள் என்பதுதான் விஷயம்.

எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. பேச்சில் கிடையாது. எந்த மொழியின் ஒலிப்பதிவையும் கணினித் திரையில் அலைவடிவமாகப் பார்த்தால் ஒரே நீளமான கரடுமுரடான கோடுதான் தெரியும். அதில் மௌனமான இடங்கள் இருக்கின்றன, ஆனால் அவை நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. 'ஸ்டாப்' என்ற சொல்லில் ஸ், ட் இரண்டுக்கும் நடுவே நாக்கு காற்றை அடைக்கும் ஒரு கணத்தில் மௌனம் இருக்கும். இரண்டு சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் இருக்காது. வெட்டுவது காதும் மூளையும் செய்யும் வேலை. தாய்மொழியில் அதைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கற்றுக்கொண்டுவிட்டதால், வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

தாய்மொழிக்காரர்கள் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1960களில் பொலாக், பிக்கெட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சரளமான உரையாடலிலிருந்து ஒற்றைச் சொற்களை மட்டும் வெட்டியெடுத்து ஆங்கிலம் பேசுபவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ பாதிச் சொற்களை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களைச் சேர்த்துப் போட்டபோது புரிந்தது. 1970இல் ரிச்சர்ட் வாரன் இன்னும் வேடிக்கையாக ஒன்று செய்தார். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்த 'ஸ்' ஒலியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். இல்லாத ஒலியை மூளை தன் கையிலிருந்து போட்டு நிரப்பியிருந்தது.

சரி, அந்தக் கோடு ஏன் இவ்வளவு குழம்பிக் கிடக்கிறது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இதற்கான திறவுகோலை நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்தும் விட்டோம். அதன் பெயர் புணர்ச்சி விதி. பின்வரிசையில் சிரிக்க வேண்டாம், இலக்கணத்தைத்தான் சொல்கிறேன்.

இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் உடம்படுமெய் தோன்றும். இ, ஈ, ஐ ஆகியவற்றுக்குப் பின் ய். மற்ற உயிர்களுக்குப் பின் வ். ஏ வந்தால் இரண்டும் வரலாம் என்கிறது நன்னூல். மணி அடித்தது, மணியடித்தது. பூ அழகு, பூவழகு. இப்போது ஓர் ஆங்கிலேயர் வேகமாகப் பேசுவதைக் கேளுங்கள். 'ஐ ஆம்' என்பது 'ஐயாம்' ஆகிறது. 'சீ இட்', 'சீயிட்'. 'டூ இட்', 'டூவிட்'. 'கோ அவுட்', 'கோவவுட்'. அவர் நன்னூலைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவருக்கும் இருப்பது இதே நாக்கும் உதடும்தான். ஈ சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தை நெருங்கி நிற்கிறது, அங்கிருந்து அடுத்த உயிருக்கு வழுக்கினால் ய் கேட்கும். ஊ சொல்லும்போது உதடு குவிந்திருக்கிறது, அங்கிருந்து விரிந்தால் வ் போன்ற ஒலி கேட்கும். பவணந்தி முனிவர் பதிமூன்றாம் நூற்றாண்டில் எழுதி வைத்தது தமிழின் விதி மட்டுமில்லை, வாயின் விதியும்கூட.

அப்புறம் விகாரப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று. மூன்றும் அங்கே இருக்கின்றன. வரும் காலம் 'வருங்காலம்' ஆவதுபோல 'டென் பாய்ண்ட்ஸ்' என்பது 'டெம்பாய்ண்ட்ஸ்' ஆகிறது. அடுத்து வரப்போகும் ஒலிக்காக மெல்லினம் முன்கூட்டியே இடம் மாறிக்கொள்கிறது. திரிதல். மரம் வேர் 'மரவேர்' ஆவதுபோல 'லாஸ்ட் நைட்' தன் ட்-ஐ இழந்து 'லாஸ்நைட்' ஆகிறது. கெடுதல். இறந்தகாலத்தைக் காட்டும் கடைசி ட் ஒலி இப்படி அடிக்கடி விழுந்துவிடுவதால், காலம் எது என்பதையே சுற்றியுள்ள சொற்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

தோன்றலில் மட்டும் ஒரு வேறுபாடு. 'லா' போன்ற ஒலியில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் நாம் வ் போடுவோம். பிரிட்டனில் பலர் ர் போடுகிறார்கள். எழுத்தில் அந்த ர் கிடையவே கிடையாது. லா, ர், அண்ட் என்று சேர்ந்தால் 'லாரண்ட்'. 'அண்ட்' என்பதன் கடைசி ட் கெட்டு, 'லாரன்'. வந்துவிட்டாள்.

வாசகியின் கேள்விக்கு விடையில் பாதி இங்கேயே இருக்கிறது. ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. அதை எழுத மாட்டார்கள். நாம் 'மணியடித்தது' என்று எழுத்திலேயே காட்டிவிடுகிறோம். அவர்கள் சொற்களைப் பிரித்தே அச்சிட்டுவிட்டு, சேர்த்துப் பேசுகிறார்கள். ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவருக்கு இந்தச் சேர்க்கை ஓர் இடத்திலும் கண்ணில் பட்டிருக்காது. எனக்குப் பாடம் எடுத்த ஓர் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் மணி மணியாகத் தனித்தனியே உச்சரிப்பார். அதுதான் நல்ல ஆங்கிலம் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆங்கிலத்தை அவரைத் தவிர வேறு யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொரு பாதி, தேய்மானம். குற்றியலுகரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகும். ஆங்கிலம் இந்த வேலையை ஏறக்குறைய எல்லா உயிர்களுக்கும் செய்கிறது. அழுத்தம் விழாத அசையில் எந்த உயிர் இருந்தாலும் அது பெரும்பாலும் தேய்ந்து, வாயின் நடுவில் சோம்பலாக ஒலிக்கும் ஓர் அரை உயிராகிவிடும். ஒலியியலில் அதை ஷ்வா என்பார்கள். டு, ஆஃப், அண்ட், ஃபார், ஃப்ரம், கேன் போன்ற சின்னச் சொற்கள் எல்லாம் இதற்குப் பலி. 'எ லாட் ஆஃப் டைம்' என்பது காதில் 'அலாட்டட்டைம்' என்று விழுகிறது. நமக்குக் குறிலும் நெடிலும் உயிர்நாடி. கல் வேறு, கால் வேறு. எனவே நம் காது ஒவ்வோர் அசைக்கும் அதற்கு உரிய அளவைத் தேடுகிறது. ஆங்கிலம் சில அசைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பட்டினி போடுகிறது. பட்டினி கிடக்கும் அசைகளில்தான் இலக்கணம் முழுக்க ஒளிந்திருக்கிறது.

ஆனால் அந்த ஏற்றத்தாழ்வையே கத்தியாகப் பயன்படுத்துகிறது ஆங்கிலக் காது. ஆன் கட்லர் என்ற மொழி உளவியலாளர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது, பேச்சைக் காது எப்படிச் சொற்களாக வெட்டுகிறது என்ற ஒரு கேள்விக்காகத்தான். உரையாடல்களைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஆங்கிலத்தில் பொருளுள்ள சொற்களில் சுமார் 90 சதவீதம் வலுவான அசையில், அதாவது உயிர் தேயாமல் முழுதாக ஒலிக்கும் அசையில், தொடங்குவதாக 1987இல் அவரும் டேவிட் கார்ட்டரும் காட்டினார்கள். அப்படியென்றால் மூளைக்கு ஒரு மலிவான தந்திரம் கிடைக்கிறது: வலுவான அசை கேட்டதா, அங்கே ஒரு வெட்டு போடு. அடுத்த ஆண்டு டென்னிஸ் நாரிஸுடன் சேர்ந்து செய்த சோதனையில், ஆங்கிலக் காது இதைத்தான் செய்கிறது என்பதற்குச் சான்றும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் அசை அசையாக வெட்டுகிறார்கள்; ஆங்கிலத்தைக் கேட்கும்போதும் அதே பிரெஞ்சுக் கத்தியைத்தான் எடுக்கிறார்கள். ஆளுக்கொரு கத்தி. பிழை வருவது அறிவுக் குறைவால் இல்லை, வேறு மொழிக்குத் தீட்டிய கத்தியால் வெட்டுவதால்.

கவனியுங்கள், 'லாரனார்டர்' என்பதில் வலுவான அசைகள் லா, ஆர். அங்கே வெட்டினால் ஆங்கிலேயருக்கும் கிடைப்பது 'லாரன், ஆர்டர்'தான்! அவர் ஏமாறாததற்குக் காரணம், அந்தத் தொடரை அவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். காவல்துறை பற்றிய பேச்சில் லாரன் வருவாளா, சட்டம் ஒழுங்கு வருமா என்று அவர் மூளை கண் இமைக்கும் முன் பந்தயம் கட்டி ஜெயித்துவிடுகிறது.

ஒரு சொல் தவறினால் மூன்று கேள்விகள் போவதற்கும் காரணம் உண்டு. கேட்ட ஒலியை அப்படியே வைத்திருக்கும் நம் குறுகியகால நினைவு சுமார் 2 விநாடிப் பேச்சுக்குத்தான் இடம் கொடுக்கும். லாரன் யார் என்ற விசாரணை அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், அடுத்த வாக்கியம் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போய்விடும். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான். 30 நிமிடத்தில் 40 கேள்விகள். கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு தேர்வு கொஞ்சம் கருணை காட்டி இரண்டு முறை போடுகிறது. எதுவானாலும், புரியாத சொல்லை அங்கேயே விட்டுவிட்டு நகர்வதையும் ஒரு திறமையாகவே பழக வேண்டும்.

பயிற்சிக்கு நான் சொல்வது பழைய சங்கதி: சொல்வதெழுதுதல். ஆனால் 20 விநாடிக்கு மேல் வேண்டாம். கேட்டு எழுதுங்கள், எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள், தவறிய ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் தோன்றலா, திரிதலா, கெடுதலா, தேய்ந்ததா என்று குறியுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் காது எதில் வழுக்குகிறது என்பது பட்டியலாகக் கையில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களிலேயே திரும்பத் திரும்ப வழுக்கும். பிறகு அந்த 20 விநாடியை அதே வேகத்தில், அதே தேய்மானத்தோடு நீங்களும் பேசிப் பாருங்கள்.

ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதும் போதாது. ஜப்பானியர்களுக்கு ர, ல வேறுபாட்டைக் கற்றுக்கொடுத்த 1991ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பல பேருடைய குரலில் பயிற்சி பெற்றதன் பலன் அதுவரை கேட்டிராத சொற்களிலும் தெரிந்தது. படம் பார்த்துப் பழகுபவர்களுக்கும் ஒரு செய்தி. பழக்கமில்லாத உச்சரிப்பில் ஆங்கிலம் கேட்ட டச்சுக்காரர்களை 2009இல் மிட்டரர், மெக்வீன் இருவரும் சோதித்தார்கள். திரைக்கு அடியில் ஆங்கிலத்திலேயே வசனம் ஓடியபோது காது அந்த உச்சரிப்புக்குப் பழகியது. தாய்மொழியில் ஓடியபோது பழக்கம் கெட்டது.

இங்கே ஒரு புலம்பல். ஜப்பானிய, டச்சு, பிரெஞ்சுக் காதுகள் ஆங்கிலத்தை எப்படிக் கேட்கின்றன என்று அலமாரி நிறைய ஆய்வு இருக்கிறது. தமிழ்க் காது பற்றி என் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு கைப்பிடிதான். மொழி ஆய்வகம் என்ற பெயரில் காதொலிக் கருவிகள் வாங்கிக் குவிக்கப் பணம் கிடைக்கிறது. அதற்குள் எதைப் போட வேண்டும் என்று ஆராயக் கேட்டால் கிடைப்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் புணர்ச்சி இலக்கணம் கையில் இருக்கிற நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

படித்தல் பகுதியைப் பற்றி வாசகி அதிகம் கேட்கவில்லை, நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். கண் வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் விநாடி. ஒரு நிறுத்தத்தில் ஆங்கில வாசகருக்குப் பயன்படுவது வலப்பக்கம் 14, 15 எழுத்துகள், இடப்பக்கம் மூன்று நான்கு. ஒரே பார்வையில் பக்கத்தை விழுங்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் வேகவாசிப்பு வகுப்புகள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் வைத்திருக்கின்றன என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் மனதுக்குள் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று 2019இல் மார்க் பிரைஸ்பேர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். ஐஇஎல்டிஎஸ் கல்விப் பிரிவில் மூன்று கட்டுரைகளும் சேர்ந்து அதிகபட்சம் 2,750 சொற்கள், நேரம் 60 நிமிடம். நிமிடத்துக்கு 130 சொல் என்று ஆமை வேகத்தில் படித்தாலும் 21 நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் கரைவது படிப்பதில் இல்லை. கேள்வியைப் பார்த்துவிட்டு, எங்கே படித்தோம் என்று தேடித் திரும்புவதில்தான். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது எதைப் பற்றியது என்று இரண்டு சொல்லில் கிறுக்கிவைத்தால் அந்தத் தேடல் குறையும்.

கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வி இருந்தது: இரவில் தூங்கும்போது ஆங்கில ஒலிப்பதிவை ஓடவிட்டால் காதில் ஏறும் என்கிறார்களே? 1950களிலேயே சைமன், எம்மன்ஸ் என்ற இருவர், தூங்குபவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்துகொண்டே தகவல்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். நிஜமாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது கேட்ட எதுவும் காலையில் நினைவில் இல்லை. அதே சமயம், பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதற்குத் தூக்கம் தேவைப்படுகிறது. அதனால் அந்த 20 விநாடிப் பயிற்சியைப் படுக்கப்போகும் முன் முடித்துவிட்டு, கருவியை அணைத்துவிடுங்கள்.