93 விழுக்காடு உடல்மொழி என்று யார் சொன்னது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கூலிம் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகளை நேர்முகத் தேர்வு செய்வது மனிதவள அதிகாரியான என் அன்றாடப் பணி. அண்மையில் வந்த ஓர் இளைஞரைப் பார்த்த பிறகு, இனியும் பேசாமல் இருப்பது சரியன்று என்று தோன்றியது. உதவி டெக்னீஷியன் வேலைக்கு வந்த அவர், இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டில் வியர்த்து வழிந்தபடி, கண் இமைக்காமல் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு, தாம் கடின உழைப்பாளி என்று மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் ஒப்பித்தார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா இருந்ததாகச் சொன்னார். என்னுடன் இருந்த மலாய் மேற்பார்வையாளர் அவருடைய நகக்கண்களில் ஏறியிருந்த எண்ணெய்க் கறையைக் கவனித்து விசாரித்த பிறகே, தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பழுதுபார்ப்பவர் அவர்தான் என்பது தெரிய வந்தது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த தகுதியே அதுதான். அதைச் சொல்வது கௌரவக் குறைவு என்று யாரோ அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

எங்கிருந்து கற்றார்கள் என்பதையும் நான் அறிவேன். கோயில் மண்டபங்களில் நடக்கும் தன்முனைப்புக் கருத்தரங்குகளில், ஒருவர் நம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணத்தில் 93 விழுக்காட்டை உடல்மொழியும் குரலும்தான் தீர்மானிக்கின்றன, சொல்லும் செய்திக்கு வெறும் 7 விழுக்காடுதான் என்று திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். இந்தக் கணக்கு, ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் மற்றவர்களுடன் சேர்ந்து நடத்தி 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை ஒட்டவைத்ததால் வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் ஒலிக்கச் செய்தார்கள். ஓர் ஆய்வில் முகங்களின் புகைப்படங்களையும் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிரிலிருப்பவரைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்பதை மட்டும் ஊகிக்கச் சொன்னார்கள். அந்த ஆய்வுகளில் வேலையும் இல்லை, நேர்முகத் தேர்வும் இல்லை, ஒரு முழு வாக்கியம்கூட இல்லை. விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகளைப் பற்றிப் பேசும்போது மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். அது எல்லாப் பேச்சுக்கும் பொருந்துமானால், நீங்கள் எந்த இயந்திரத்தைக் கழற்றி மாட்டினீர்கள் என்பதை உங்கள் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் பார்வைக்கு வலிமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே அவர் நம்பத்தக்கவரா என்ற தீர்ப்பு நம் மனத்தில் உருவாகிவிடுகிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று 2006-இல் காட்டியது. அந்த அவசரத் தீர்ப்பைக் கட்டுப்படுத்தத்தான் எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் படிவத்தில் மதிப்பெண் எழுதுகிறோம். கடின உழைப்பாளி என்ற பதிலுக்கு எதிரே நான் எதை எழுதுவது? கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வேன் என்றால் எழுதலாம். விடியலுக்கு முன்பே அம்மாவுக்கு உதவியாகப் பால்மரம் சீவப் போனேன் என்றாலும் எழுதலாம். ஆகவே கோட்டுக்கு அலைவதை விட்டு, நீங்கள் உண்மையிலேயே செய்த இரண்டு மூன்று காரியங்களை, எப்போது, யாருக்காக, எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லிப் பழகுங்கள். அதை மலாயிலும் பழகுங்கள். எங்கள் உற்பத்திப் பிரிவில் மேற்பார்வையாளர் பேசப்போவது பெரும்பாலும் மலாய்தான். மலாயில் கேட்ட கேள்விக்கு உடைந்த ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

உறுதியாகக் கைகுலுக்குங்கள் என்ற அறிவுரையும் நம் நாட்டில் அப்படியே செல்லாது. முஸ்லிம் பெண் அதிகாரிகள் பலர் ஆண்களிடம் கைகுலுக்குவதில்லை; அதுபோலவே ஆண் அதிகாரிகள் சிலர் பெண்களிடம் குலுக்குவதில்லை. அவர்களாகக் கை நீட்டினால் ஒழிய, வலக்கையை நெஞ்சில் வைத்துச் சற்றே தலை தாழ்த்தினால் போதும்.

மற்றவை எளியவை, ஆனாலும் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டால், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள். எடுத்ததும் யார் என்று அதட்டாதீர்கள். துவைத்துத் தேய்த்த சட்டையும் மூடிய காலணியும் போதும், சிலிப்பர் வேண்டாம். மழைக்காலத்தில் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கோப்பில் வையுங்கள்; அசலும் நகலும் இரண்டுமே வேண்டும். அடையாள அட்டையை மறந்தால் காவலர் உள்ளே விடமாட்டார், அவரிடம் சண்டை போடாதீர்கள். அங்கே நடப்பது எங்கள் காதுக்கு வந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள், ஆனால் தயவுசெய்து அறைக்குள் வராதீர்கள். பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லும்போது, அக்கறை புரிந்தாலும், படிவத்தில் என்னால் எதையும் எழுத முடிவதில்லை.

சம்பளம் பற்றிக் கேட்டால், கொடுப்பதைக் கொடுங்கள் என்று சொல்வது பணிவு அன்று. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரி முதல், ஐவர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குச் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் சிறிய நிறுவனங்களுக்கும் அதுவே. எனவே அதற்கு மேல் ஷிப்டு அலவன்சு எவ்வளவு, தொழிற்சாலைப் பேருந்து உங்கள் தோட்டத்து முச்சந்தி வரை வருமா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் வேலை கிடைக்காது என்று அஞ்சி வாய்மூடி இருந்துவிட்டு, இரவு ஷிப்டுக்கு வர வழியில்லாமல் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறவர்களால்தான் அதே வேலைக்கு நான் மறுபடியும் ஆள் தேட வேண்டியிருக்கிறது.