கேட்டகிசம்: பொருள், வேர், தமிழ்ச் சொல்

கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளைக் கற்றுத்தரும் பாடத்துக்கும், அந்தப் பாடம் அடங்கிய கையேட்டுக்கும் கேட்டகிசம் என்று பெயர். பெரும்பாலும் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், திருவருட்சாதனங்கள் ஆகியவற்றின் விளக்கம் இதில் இருக்கும்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'காட்டா' என்றால் கீழ்நோக்கி, 'ஏகெயோ' என்றால் ஒலித்தல். இரண்டும் சேர்ந்த 'காட்டேகெயோ', காதில் விழும்படி வாய்மொழியாகக் கற்பிப்பதைக் குறித்தது. எதிரொலியைச் சொல்லும் 'எக்கோ'வுக்கும் இதே வேர்தான். லூக்கா தம் நற்செய்தியைத் தொடங்கும்போது (1:4) அந்த நூலைப் பெறும் தெயோப்பிலுவுக்கு ஏற்கெனவே கற்பிக்கப்பட்டவற்றைப் பற்றிப் பேச இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். தமிழ் வேதாகமத்தில் அது 'உபதேசிக்கப்பட்ட' என்று வருகிறது.

ஆக, கேட்டகிசம் முதலில் புத்தகமே அல்ல. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு முன் ஆயத்த காலம் ஒன்று இருந்தது. அதில் இருந்தவர்களுக்குப் போதகர் பேசுவார், அவர்கள் கேட்பார்கள். நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயர் சிரில் ஆற்றிய அத்தகைய உரைகள் இன்றும் கிடைக்கின்றன. கேள்வி பதில் வடிவம் பரவலானது பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டில்தான். ஜெர்மனியின் சாக்சனிச் சபைகளைச் சுற்றிப் பார்த்த சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லுத்தர், மக்களின் அறியாமையைக் கண்டு மனம் நொந்து 1529-இல் சிறிய கேட்டகிசத்தை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்வி: 'இதற்கு அர்த்தம் என்ன?' மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். புரியாமல் ஒப்பிப்பதை லுத்தர் கேட்கவே இல்லை.

தமிழுக்கு இதில் தனி இடம் உண்டு. முத்துக்குளித்துறையில் பணிசெய்த போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு அன்றிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' ஒரு கேட்டகிசம்தான். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களில் அது ஒன்று.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பழைய வழக்கு 'ஞானோபதேசம்'. சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையார் உபதேசம் செய்பவரை உபதேசியார் என்றார்கள், கத்தோலிக்கர் வேதியர் என்றார்கள். நூலின் வடிவத்தை மட்டும் காட்டுவது 'வினாவிடை'. இன்று கத்தோலிக்கர் நடுவே நிலைத்திருப்பது 'மறைக்கல்வி'.

வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கி வரும் சொல் நம்மிடம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது: கேள்வி. செவிவழிக் கல்விக்கும் வினாவுக்கும் அது ஒரே சொல். திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்த அதிகாரம் கேள்விதான். சிரிலின் முன் அமர்ந்திருந்தவர்களின் கேள்வியும் லுத்தரின் கேள்வியும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. (கேட்டகிசம், கேட்ட என்ற ஒலி ஒற்றுமை தற்செயல். வேர் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.) ஆனால் இன்றைய பேச்சில் கேள்வி என்றால் வினா என்ற பொருள்தான் முதலில் வருகிறது. அதனால் தனிக் கலைச்சொல்லாக அது நிற்காது.

என் பரிந்துரை இதுதான்: பயிற்சிக்கு மறைக்கல்வி, நூலுக்கு மறைக்கல்வி வினாவிடை, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் கேட்டகுமெனுக்கு மறைக்கல்வி பெறுபவர். பழைய நூல்களின் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஞானோபதேசத்தை அப்படியே விட்டுவிடலாம்.