31 சிப்பம் நெல்லைத் தாங்கும் மரை

கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் பழைய பத்மினி காரில் இன்ஜின் மேல்மூடி ஓரமாக ஆயில் ஒழுகுகிறது. பேக்கிங்கை இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஒரு ஸ்டட் (தலையில்லாத திருகாணி) மட்டும் நட்டோடு சேர்ந்தே சுற்றுகிறது. என்ன செய்வது?"

பேக்கிங் மேல் குற்றமில்லை. அந்த ஸ்டட் இறங்கும் துளையில் மரை, அதாவது திருகுப் பள்ளம், போய்விட்டது. அழுத்திப் பிடிக்க ஆளில்லாத இடத்தில் எந்தப் பேக்கிங்கும் ஆயிலை நிறுத்தாது. பத்மினியின் பிளாக் வார்ப்பிரும்பு. மேல்மூடி உட்காரும் சிலிண்டர் ஹெட்டோ அலுமினியம். எஃகு ஸ்டட் அந்த மெத்தென்ற உலோகத்தைக் கவ்வியிருக்கிறது. நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்: எஃகைத் தொட்டிருக்கும் அலுமினியம் ஈரத்தில் தானே அரிபட்டு வெள்ளைப் பொடியாகும்.

அளவுக்கு மீறி இறுக்கினாலும் மரை போகும். ஒரு கணக்கு பாருங்கள். 15 செ.மீ. ஸ்பேனரின் நுனியை 13 கிலோ விசையோடு இழுத்தால், 8 மி.மீ. ஸ்டட்டில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 1250 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் 31 சிப்பம் நெல்லை ஒற்றை ஸ்டட்டில் தொங்கவிட்ட மாதிரி! மரை என்பது கம்பியைச் சுற்றி ஏறும் சாய்தளம். ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ.தான் ஏற்றம்; கைப்பலம் இத்தனை பெருகுவது அதனால்தான். நம் உழைப்பில் பெரும்பகுதியை உராய்வு தின்ற பிறகும் மிஞ்சுவது இவ்வளவு.

இந்தச் சுமையை எல்லா மரையும் சமமாகப் பகிர்வதில்லை. துளையின் வாயருகே உள்ள முதல் மரை மட்டும் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அது அறுந்ததும் பாரம் அடுத்ததன் தலையில், பிறகு அதற்கடுத்தது. தையல் பிரிவதுபோல வரிசையாகப் போய்விடும்.

இதற்கு மருந்து ஹெலிகாயில். வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள எவர்சில்வர் கம்பியைச் சுருளாகச் சுற்றியது. வெளிப்புற மரை பெரிது என்பதால் அதிக அலுமினியத்தைப் பிடிக்கிறது. சுருள் சற்று நெளிந்து கொடுப்பதால் பாரமும் மரைகளுக்குள் பரவிவிடுகிறது. சரியாகப் போட்டால் பழைய மரையைவிட உறுதி. எனக்கு இதைவிட அழகான பழுதுநீக்கம் தெரியாது. டெல்டா மாவட்ட ஐடிஐ பட்டறை ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் வாங்கித் தர வேண்டும்.

முதலில் மரை கேஜ் வைத்து அளவைப் பாருங்கள். 8 × 1.25 என்றால் 8.3 மி.மீ. டிரில். ஆயில் திரும்பும் ஓட்டைகளைத் துணியால் அடையுங்கள். அடைக்காவிட்டால் சீவல் நேரே இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழும். டிரில் சாய்ந்தால் ஸ்டட்டும் சாயும், மூடி உட்காராது. லேத் பட்டறையில் ஒரு இரும்புக் கட்டையில் நேர்துளை போட்டு வாங்கி, அதை வழிகாட்டியாக வையுங்கள். அடுத்து, ஹெலிகாயிலுக்கென்றே வரும், மரை வெட்டும் டேப். சாதா 8 மி.மீ. டேப் இங்கே உதவாது. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் சீவல் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பெட்ரோலில் கழுவிக் காயவிட்டு, 12 மி.மீ. நீளச் சுருளை விளிம்புக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று வரை இறக்குங்கள்.

சுருளின் அடியில் உள்ள சிறு நாக்கை உடைத்து எடுக்க வேண்டும். துளை உள்ளே திறந்திருந்தால் தட்டி உடைக்காதீர்கள். மூக்குக் குறடால் பிடித்து ஆட்டி உடையுங்கள். எவர்சில்வர் என்பதால் உள்ளே விழுந்தால் காந்தத்தை நம்ப முடியாது.

சுருளுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே ஆயில் ஏறிவர ஒரு சுழல்வழி எப்போதும் உண்டு. அதனால் ஸ்டட் மரையில் நடுத்தர வலுவுள்ள நீலநிறத் திரெட் லாக்கர் (மரையைப் பிடித்துவைக்கும் பசை) பூசி, ஒருநாள் விடுங்கள். பிறகு புதுக் கார்க் பேக்கிங், நட்டுக்கடியில் அகல வாஷர். கார்க் லேசாக அமுங்கியதும் ஸ்பேனரை வைத்துவிடுங்கள். அதற்குமேல் இறுக்கினால் தகட்டு மூடி வளைந்து, நட்டுகளுக்கு நடுவே ஒழுகும்.

எம்-சீல், டெஃப்லான் டேப், நூல் சுற்றுவது எல்லாம் வாரக்கணக்கு வைத்தியம். 31 சிப்பத்தை அவை தாங்காது.

முடித்ததும் மூடி ஓரத்தைத் துடைத்து முகப்பவுடர் தூவி, இன்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். ஒழுக்கு மிச்சமிருந்தால் பவுடரில் கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டின் உச்சி எங்கே தொடங்குகிறதோ, ஒழுக்கு அங்கேதான்.