வேலூர்ப் புழுதியில் ஒரு மெல்லோட்ரான்

ஹார்மோனியத்துக்குக் காற்று, வீணைக்குக் கம்பி, இன்றைய கீபோர்டுக்குச் சிப். மெல்லோட்ரானுக்கு டேப். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைப் பெட்டி, 35 கட்டைகள், அவ்வளவுதான். உள்ளே கட்டைக்கு ஒன்றாக 35 டேப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு கலைஞர் புல்லாங்குழலிலோ வயலினிலோ வாசித்த ஒரே ஒரு சுரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஓடும்.

யோசனை அமெரிக்கர் ஹாரி சேம்பர்லினுடையது. அவருடைய கருவிகள் இரண்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர, பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்கள் அதே அமைப்பில் செய்து, 1963இல் மெல்லோட்ரான் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1967இல் பீட்டில்ஸ் இசைக்குழு வெளியிட்ட 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் தொடக்கத்தில் வரும் குழலோசை இந்தக் கருவியினுடையதுதான். காட்பாடியில் நண்பரிடம் இருப்பது 1970இல் அறிமுகமான எம்400 மாடல். வாசிப்பது அவர், கழற்றி மாட்டுவதில் பாதி என் வேலை.

கட்டைகளுக்குக் கீழே, கருவியின் அகலம் முழுக்க, கேப்ஸ்டன் என்ற உலோகத் தண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு ரப்பர் பிஞ்ச் ரோலரும் ஒரு ஃபெல்ட் பேடும் உண்டு. கட்டை இறங்கும்போது பேட், டேப்பில் பதிந்த ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மேல் டேப்பை அழுத்தும். ரோலர் அதே டேப்பைத் தண்டின் மேல் அழுத்தும். கரும்புச்சாறு வண்டியில் உருளைகளுக்கு நடுவே கரும்பு போவதுபோல டேப் இழுபட்டுப் போய், பின்னால் உள்ள பெட்டியில் மடிந்து விழும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதை விருட்டென்று பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

டேப்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 19 செ.மீ., அதாவது ஆடியோ கேசட்டைப் போல நான்கு மடங்கு. ஒரு சுரத்துக்குச் சுமார் 8 விநாடி, ஏறக்குறைய ஐந்தடி டேப். அதற்குமேல் கட்டையைப் பிடித்திருந்தாலும் சத்தம் வராது. இரண்டு முனையையும் ஒட்டி வட்டமாக்கினால் நிற்காமல் ஓடுமே என்று தோன்றும். ஆனால் குழலில் காற்று முட்டும் அந்த முதல் நொடி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டுமென்றால் டேப் தொடக்கத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். வட்டமாக்கினால் அது நடக்காது. அதனால் பழகியவர்கள் எட்டு விநாடிக்குள் விரலை மாற்றி மாற்றி வைத்துச் சமாளிப்பார்கள்.

35 டேப்புக்கும் சேர்த்து ஒரே மோட்டார் என்பதுதான் தலைவலி. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் அலைவெண்ணில் சுமார் 6 சதவீதம்தான் வித்தியாசம். மோட்டார் 3 சதவீதம் மந்தமானாலே சுருதி, கீழே உள்ள அடுத்த கட்டையை நோக்கிப் பாதி தூரம் இறங்கிவிடும். இரண்டு கையாலும் எட்டுப் பத்துக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் அத்தனை ரோலர்களின் உராய்வும் மோட்டாரின் தலையில்தான் விழும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் சரியில்லை என்றால் பாட்டு அங்கேயே தொய்யும். ரோலர் தேவைக்கு மேல் அழுத்தினாலும் இதே கதிதான்.

அதனால் ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு திருகுகள் வைத்திருக்கிறார்கள், ஒன்று பேடுக்கு, ஒன்று ரோலருக்கு. கால் திருகு கூடினாலும் குறைந்தாலும் காதில் தெரியும். பேட் தளர்வாக இருந்தால் சத்தம் மங்கும். ரோலர் தளர்வாக இருந்தால் டேப் வழுக்கி, சுரம் நடுங்கும். "அந்த ஜி கட்டை மட்டும் அழுவுது மச்சான், கொஞ்சம் பாரு" என்று நண்பர் கூப்பிட்டால் முதலில் தொடுவது ரோலர் திருகைத்தான். வெயிலில் ரப்பர் இறுகி வழவழப்பாகியிருந்தால் திருகிப் பயனில்லை, ரோலரையே மாற்ற வேண்டும்.

அப்புறம் புழுதி. பாலாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் பறக்கும் நாட்களே அதிகம் என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டேப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு துகள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இடைவெளி, டேப்பில் பதிந்த அலைநீளத்துக்குச் சமமானால் இழப்பு 55 டெசிபெல் (ஒலியளவை அளக்கும் அலகு). இந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலைநீளம் 0.019 மி.மீ. ஒரு நூறில் ஒரு பங்கு மி.மீ. தூசு போதும், அந்த ஒலி 29 டெசிபெல் குறைந்து காணாமல் போகும். 100 ஹெர்ட்ஸ் கனத்த ஒலியோ அரை டெசிபெல்கூட இழக்காது. தூசு படிந்த மெல்லோட்ரான் கம்பளிக்குள் பாடுவதுபோல் கேட்பது இதனால்தான். மருந்து எளிது: செல்போன் சர்வீஸ் கடைகளில் புழங்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவம், பஞ்சு சுற்றிய குச்சி, பொறுமை. ஹெட்டையும் தண்டையும் துடைக்கலாம். ரப்பரில் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் காய்ந்து வெடிக்கும்.

ஈரம் இன்னொரு வில்லன். 1970, 80களில் வந்த சில டேப்புகளில் காந்தப் பொடியை ஒட்டவைத்த பாலியூரித்தேன் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். இத்தகைய டேப்பை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சீரான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, தற்காலிகமாக உயிர் கொடுக்கிறார்கள். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் போதாதா என்று நண்பர் கேட்டார். போதாது. சதமடிக்கும் வேலூர் வெயிலும் பாரன்ஹீட்டில்தான் சதம். மழைக்காலத்துக்கு எங்களுக்கு ஆம்பூர் கைகொடுக்கிறது. ஷூ பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிறார். நீல மணிகள் வெளிர் சிவப்பானால் அடுப்பில் மிதமாகச் சூடுகாட்டி மறுபடி பெட்டிக்குள் வைக்கிறோம்.

இங்கே 230 வோல்ட் என்பதால் இங்கிலாந்து மெஷினுக்கு வோல்டேஜை மாற்றும் கருவி தேவையில்லை. ஸ்டெபிலைசர் மட்டும் வைத்திருக்கிறோம். டேப்பே தேய்ந்துபோனால் புது செட் இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள். இடம் மாற்றுவதுதான் பயம். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, படுக்கவைத்தால் பெட்டிக்குள் டேப்புகள் சிக்கிக்கொள்ளும். குட்டியானையில் ஏற்றினாலும் நிமிர்த்தித்தான் கட்ட வேண்டும், அதுவும் சர்வீஸ் ரோட்டுப் பள்ளம் தெரிந்த டிரைவராகப் பார்த்து.