படம் மெதுவாகத் தெரிகிறதா? முதலில் அந்தக் கிளீனர் மென்பொருளைத் தூக்கி எறியுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "தம்பி, போட்டோ ஃபோல்டரத் திறந்தா ஒவ்வொரு படமா வருது, ரேம் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வருபவர்கள் எனக்குப் புதிதில்லை. ஆனால் போன வாரம் ஒரு பெரியவர் கொண்டுவந்த கணினியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்தாகிவிட்டது. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பால்மரம் வெட்டப் (ரப்பர் பால் எடுக்கப்) போன காலத்துப் படங்களை ஸ்கேன் செய்தது என எல்லாமே ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. படம் வர நேரமாகிறதே என்று யாரோ சொன்னதைக் கேட்டு தேவையில்லாத ஃபைல்களை அழிப்பதாகச் சொல்லும் ஒரு கிளீனர் மென்பொருளைப் போட்டு, தினமும் ராத்திரி கணினியைத் துடைத்து வைத்திருக்கிறார். இன்னும் மெதுவானது, அதனால் இன்னும் துடைத்திருக்கிறார்.

இந்தத் துடைக்கிற பழக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஃபோல்டரைத் திறந்ததும் தெரிகிற குட்டிப் படங்களை விண்டோஸ் ஒருமுறை தயாரித்து, தம்ப்கேஷ் என்ற பெயரில் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதிலிருந்து எடுத்துக் காட்டுவதால்தான் சட்டென்று தெரிகிறது. அது குப்பை இல்லை ஐயா, கணினி உங்களுக்காக முன்கூட்டியே செய்து வைத்த வேலை. அதை அழித்தால் மறுநாள் ஒவ்வொரு படத்தையும் மறுபடி திறந்து, படித்து, சுருக்கியாக வேண்டும். குட்டிப் படங்கள் தப்புத்தப்பாகவோ வெறுமையாகவோ தெரிந்தால் விண்டோஸிலேயே இருக்கிற டிஸ்க் கிளீனப்பில் தம்ப்நெயில்ஸ் என்பதை டிக் செய்து ஒருமுறை அழிக்கலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

இவர் விஷயத்தில் ஹார்ட் டிஸ்கே தேய்ந்து போயிருந்தது. டிஸ்கின் நிலையைக் காட்டுகிற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் 'காஷன்', அதாவது எச்சரிக்கை, காட்டியது, டிஸ்கில் படிக்க முடியாத செக்டர்கள் (சின்னச் சின்னப் பகுதிகள்) நிறைய. அப்படிப்பட்ட டிஸ்கைத்தான் கிளீனர் புண்ணியத்தில் தினமும் எல்லாப் படத்தையும் முதலிலிருந்து படிக்க வைத்திருக்கிறார். ரேம் சேர்த்திருந்தால் காசுதான் போயிருக்கும். நல்லவேளை, யாரும் ஃபார்மட் செய்யவில்லை. இந்த மாதிரி டிஸ்கைக் கடையில் நேரடியாகக் காப்பி எடுக்க மாட்டோம், பழுதான டிஸ்கிலிருந்து தரவை மீட்கிற டிடிரெஸ்க்யூ மென்பொருளில் போட்டு, நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு அடம்பிடிக்கிற இடத்துக்குக் கடைசியில் வருவோம். பெரும்பாலான படங்கள் கிடைத்தன. சில படங்களில் பாதி சாம்பல் நிறம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஃபோல்டர் முதல் தடவை மெதுவாகவும் அடுத்த தடவை வேகமாகவும் திறந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் மெதுவாக இருந்து, ஃபைல்களைத் திறக்கும்போதும் கணினி உறைந்து நின்று, உள்ளே டக் டக்கென்று சத்தமும் கேட்டால் உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள். குட்டிப் படம் தெரிகிறதே என்று நம்பி இருக்காதீர்கள், அது கேஷிலிருந்து வரலாம், உண்மையான படம் ஏற்கெனவே கெட்டுப் போயிருக்கலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தால் மிச்சமெல்லாம் சின்ன வேலைதான். வலது பக்கம் பெரிதாக முன்னோட்டம் காட்டுகிற பகுதி (ப்ரிவ்யூ பேன்) திறந்திருந்தால் ஆல்ட் விசையோடு பி அழுத்தி மூடுங்கள், பெரிய பிடிஎஃப் கோப்புகளைத் தொட்டாலே திணறுவது பல நேரம் அதனால்தான். டவுன்லோட்ஸ் மாதிரி எல்லாம் கலந்து கிடக்கிற ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் பக்கம் போய் ஜெனரல் ஐட்டம்ஸ் என்று மாற்றுங்கள், அதைப் பட ஃபோல்டராக விண்டோஸ் நடத்தாது. பழைய அலுவலகக் கணினியோடு இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் இப்போது இல்லையென்றால் அதை எடுத்துவிடுங்கள், ஃபோல்டர்களைக் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் அதைத் தேடிக்கொண்டே நிற்கும். ஐபோன் படங்களுக்குக் குட்டிப் படமே வரவில்லையா? 2017-லிருந்து ஐபோன் வழக்கமாகப் படங்களை ஹெயிக் (HEIC) என்ற கோப்பு வடிவில் சேமிக்கிறது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான எக்ஸ்டென்ஷன் இருக்கிறது.

தயவுசெய்து இந்த வாரமே ஒரு வெளி டிஸ்க் வாங்கி, குடும்பப் படங்களையும் தோட்டத்துப் படங்களையும் அதில் ஒரு காப்பி போட்டு வையுங்கள். அதை எப்போதும் கணினியில் சொருகியே வைக்காதீர்கள், நம்ம ஊர் இடிக்கு இரண்டும் சேர்ந்தே போகும்.