வாக்குத்தத்த அட்டையும் மாத்திரை அட்டையும்

போன செவ்வாய்க்கிழமை, ஓ.பி. முடியும் நேரம். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐம்பது தாண்டிய ஒரு அக்காவை மகள் ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. வலது கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. சர்க்கரை 486.

“எப்பக்கா மருந்தை நிறுத்துனீங்க?”

அவர் மகளைப் பார்த்தார். மகள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். பிறகு அந்த அக்கா மடியிலிருந்த பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, ஓரம் மடங்கிய ஒரு சின்ன அட்டையை மேசைமேல் வைத்தார். ‘நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்.’ பரிகாரி என்றால் குணமாக்குகிறவர். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து அவர் எடுத்த வருட வாக்குத்தத்தம், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தனக்குத் தந்ததாக எடுத்துக்கொள்ளும் வேத வசனம். ஜனவரி 1 காலையிலிருந்து இன்சுலினும் இல்லை, மாத்திரையும் இல்லை. அந்த அட்டையோடு சேர்ந்து இன்னும் இரண்டு அட்டைகள் வெளியே சரிந்தன. பிரிக்காத மெட்ஃபார்மின், சர்க்கரை மாத்திரை. தூக்கிப் போடவும் மனசு வராமல், சாப்பிடவும் துணியாமல், வேதத்தோடேயே வைத்துச் சுமந்திருக்கிறார்.

விசுவாசத்தின் பேரில் மருந்தை நிறுத்திவிட்டு இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் வெளியே நின்று பேசவில்லை. சி.எஸ்.ஐ. குடும்பம், ஞாயிறு ஆராதனை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒருவேளை உபவாசம், எல்லாம் உண்டு. வருஷ அட்டை நானும் எடுக்கிறேன். ஸ்டெதாஸ்கோப் வைக்கும் டிராயரில் என் அட்டை கிடக்கிறது. மேற்படிப்புக்கு எந்த ஊர் போவது என்று தெரியாமல் தவித்த நாட்களில் கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் வைத்தவள்தான் நானும். முதலாம் நாளாகமத்தின் வம்ச வரலாற்றில் போய் விழுந்தது. யார் யாரைப் பெற்றார் என்பதிலிருந்து நான் எந்தக் காலேஜைக் கண்டுபிடிக்க?

என்னை எரிச்சலூட்டுவது ‘மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம்’ என்ற அந்த ஒற்றை வரி. எங்கிருந்து வந்தது இது? அந்த அக்காவின் அட்டையிலுள்ள வசனத்தையே எடுத்துக்கொள்வோம். யாத்திராகமம் 15:26. அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம். முந்தின வசனங்களைப் படியுங்கள். எகிப்திலிருந்து வெளியேறி வந்த வழியில் மாரா என்ற இடத்தின் தண்ணீர் கசக்கிறது, ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள், மோசே கூப்பிடுகிறார். கர்த்தர் ஒரு மரத்தைக் காட்டுகிறார். அதை எடுத்துத் தண்ணீரில் போட்ட பிறகுதான் தண்ணீர் இனிப்பாகிறது. ‘நானே உன் பரிகாரி’ என்று சொன்னவர், அதைச் சொல்வதற்குச் சற்று முன்புதான் ஒரு மரத்தைக் கையில் எடுக்க வைத்திருக்கிறார். மரத்தைத் தொட்டதால் மோசேக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?

இன்னொன்று, எசேக்கியா ராஜா. 2 இராஜாக்கள் 20. சாகக் கிடக்கிறவரிடம் ஏசாயா வந்து, குணமாவாய், ஆயுசில் 15 வருஷம் கூட்டப்படும் என்கிறார். இதைவிட உறுதியான வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைக்கும்? தட்டில் எடுத்த அட்டை இல்லை. தீர்க்கதரிசியே நேரில் வந்து, பெயர் சொல்லி, வருஷக் கணக்கோடு சொன்னது. அடுத்த வசனத்தில் அதே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். பிளவையின்மேல், அதாவது சீழ்க்கட்டியின்மேல், பற்றுப் போடுகிறார்கள், ராஜா பிழைக்கிறார். வாக்குத்தத்தம் முதலில், மருந்து பிறகு, இரண்டும் ஒரே வாயிலிருந்து. (பிளவை என்று நம் வேதத்தில் இருக்கிறதே, அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சர்க்கரைக்காரர்களின் முதுகில் வரும் ராஜபிளவைதான் ஞாபகம் வரும். எசேக்கியாவுக்கு என்ன வந்ததோ தெரியாது, இது என் தொழில் புத்தி.) பற்றுப் போட விடாமல் எசேக்கியா தடுத்திருந்தால் அதை விசுவாசம் என்றா சொல்லியிருப்போம்?

நம் ஊரிலேயே பாருங்கள். அமெரிக்கன் மதுரை மிஷன் இங்கே வந்தது 1834-ல். வந்தவர்கள் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் இல்லாத குடும்பம் நம் சபைகளில் குறைவு. நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த அதே கைதான் மருந்தும் கொண்டுவந்தது. இப்போது வந்து இரண்டுக்கும் சண்டை மூட்டுகிறார்கள்.

அந்த அக்காவிடம் வருகிறேன். ஜனவரி முழுக்க அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததையே அடையாளமாக எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் கால் எரிச்சல்கூட நின்றுவிட்டது. “மதமதன்னு இருந்துச்சு டாக்டரம்மா, வலியே இல்ல. சரியாப்போச்சுன்னு நெனச்சேன்.” வலி போனது நரம்பு செத்ததால். செருப்பு கடித்தது தெரியவில்லை, புண்ணானது தெரியவில்லை. சர்க்கரைக்காரருக்கு வலி இல்லை என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன், பயப்படுவேன்.

அதற்குள் அவர், கர்த்தர் சுகமாக்கிவிட்டார் என்று சபையில் சாட்சி சொல்லிவிட்டார். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார்கள். மார்ச்சில் தலைசுற்றல், ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பது. மாத்திரையைத் திரும்ப எடுக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. எப்படி எடுப்பது? யாராவது பார்த்துவிட்டால்? இரண்டு மாதம் மாத்திரை அட்டை பைபிள் உறைக்குள் கிடந்தது விசுவாசத்தால் என்று நான் நம்பவில்லை. வெட்கம். சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுக்கும் போதகர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: முதலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாருங்கள். குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கின இயேசுவே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றுதான் அனுப்பினார். ஆசாரியன் தோலைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் அன்றைய முறை. சோதித்துப் பார்ப்பதில் அவருக்கே ஆட்சேபணை இல்லாதபோது நமக்கென்ன? மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை இருக்கிறது. அது உண்மையிலேயே இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைப்பது நானாகத்தான் இருப்பேன், ஸ்தோத்திரமும் சேர்ந்தே சொல்வேன்.

ஏன் இந்த அக்கா அந்த அட்டையை அவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்று யோசித்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமாக நிலையான வேலை இல்லை. லோடு வண்டி லோன் நிற்கிறது. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், எதுவும் கூடிவரவில்லை. எதுவுமே நிச்சயமில்லாத வீட்டில் ஒன்றாவது முடிந்துபோனதாக இருக்கட்டும் என்று மனசு ஏங்கியிருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பயாப்ஸி ரிசல்ட்டுக்காகப் பத்து நாள் காத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பத்து நாளில் மனுஷர் எதையும் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் வழிநடத்துதல் என்றால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று யார் சொன்னது? ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற எரேமியா 29:11 இல்லாத கிறிஸ்தவ வீட்டுச் சுவர் உண்டா மதுரையில்? அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனம், 70 வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள் என்று வேலை சொல்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன ஒருவரும் அதே காலத்தில் இருந்தார், அனனியா என்று பெயர். கேட்கிறவர்களுக்கு அவர் சொன்னதுதான் இனித்திருக்கும். நம் ஆட்களிடம் அந்த இரண்டு செய்தியையும் கொடுத்தால் எது வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தத் தோன்றினால் வந்து சொல்லுங்கள், திட்டமாட்டேன். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இருதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரை, இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் எனக்கு உங்களைக் காப்பாற்ற நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். மனநோய் மருந்தும் அப்படியே. அதை ‘பிசாசின் போராட்டம்’ என்று சொல்லி நிறுத்த வைப்பவர்களிடம் பேசும் பொறுமை எனக்கு இல்லை.

உபவாசம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்து நடுங்கி மயங்கி விழுபவரைச் சுற்றி நின்று கை வைத்து ஜெபிப்பதற்கு முன்னால், நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காசில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை, பிரஷர் மருந்து இலவசம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

அபிஷேக எண்ணெயை நெற்றியில் பூசுங்கள், புண்ணில் வேண்டாம். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்தானே என்று ஒரு அண்ணன் என்னிடம் வாதாடினார். வார்த்தான் அண்ணே. வார்த்துக் கட்டுப் போட்டு, சத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பணமும் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள் என்று சொன்னான். அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ராத்திரி ஜெபம் முடிந்ததும் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள்.

அக்காவுக்கு இரண்டு விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் வார்டுக்குப் போனபோது மகள் வெளியே காப்பி வாங்கப் போயிருந்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி மெதுவாகக் கேட்டார்: “என் விசுவாசம் பத்தலையோ டாக்டரம்மா?”

இந்த ஒரு கேள்வி வரக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன். கால் விரலும் போய், அதற்குக் காரணம் தன் விசுவாசக் குறைவு என்ற பாரமும் சேர்ந்து ஒரு மனுஷி எப்படிச் சுமப்பாள்? “விசுவாசம் நெறைய இருக்குக்கா. இன்சுலின்தான் பத்தல” என்றேன். சிரித்தார், கொஞ்சம்தான்.

“மிச்ச கால் தப்பிச்சிருமா?”

“இப்பச் சொல்ல முடியாதுக்கா. வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிச்சுப் பாப்போம்.”

தலையாட்டிவிட்டு, இன்சுலின் போட வந்த நர்ஸுக்காகச் சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினார். ஊசி இறங்கும்போது உதடு அசைந்தது. தலையணைக்குப் பக்கத்தில் பைபிள். அதன்மேல், எல்லாரும் பார்க்கும்படி, மாத்திரை அட்டை.