பழைய றலியில் எது ஒரிஜினல்?

யாழ்ப்பாணத்தில் பழைய றலி சைக்கிளுக்குத் திரும்பவும் மதிப்பு வந்திருக்கிறது. அப்பா ஓடிய மாதிரி ஒன்று வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வந்து தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே சேகரிக்கத் தொடங்கியிருக்கும் இளம் பெடியளும் இருக்கிறார்கள். விலை பேசும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எல்லாம் ஒரிஜினலோ?" அறுபது, எழுபது வருஷம் ஓடிய சைக்கிளில் இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே விசாரித்துத்தான் சொல்லலாம்.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு இந்த வேலை ஓரளவு சுலபம். பிரிட்டிஷ் இராணுவம் பாவித்த லீ-என்ஃபீல்ட் ரைபிளின் உடலில் அடித்த அதே தொடரிலக்கம், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்டின் கைப்பிடியிலும் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் போல்ட் இடையில் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த ரைபிளைச் செய்த கம்பனிகளில் ஒன்று பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ். 1861 இல் துப்பாக்கிக்காகத் தொடங்கிய அந்தக் கம்பனிதான் பிறகு பீ.எஸ்.ஏ சைக்கிளையும் செய்தது. அதன் சின்னத்தில் ஒன்றோடொன்று சாத்தி நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் இருப்பது அதனால்தான். ஆனால் பாகத்துக்குப் பாகம் ஒரே இலக்கத்தை அடிக்கும் வழக்கம் சைக்கிளுக்கு வரவில்லை. பிறேமில் மட்டும் ஓர் இலக்கம் இருக்கும். மிச்சத்தை வேறு தடயங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று கியர் றலி என்றால் முதலில் பின்சில்லின் ஹப்பை, அதாவது கியர் அடங்கிய நடுக்குடத்தைப் பாருங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பழைய கிறீசைத் துடைத்தால் ஹப்பைச் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பனியின் பெயர் தெரியும். பக்கத்தில் ஏ.டபிள்யூ என்ற மொடல் எழுத்தும் '56 9' போல இலக்கங்களும் இருக்கும். யுத்தத்துக்குப் பிந்திய ஹப்களில் முதல் இலக்கம் வருஷம், அடுத்தது மாதம். அதாவது 1956 செப்டெம்பர்.

இந்தத் திகதி ஒரு பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லும் என்பதைக் கவனிக்க வேண்டும். சைக்கிள் 1957 இல் வாங்கியது என்று வீட்டில் பற்றுச்சீட்டு இருக்கிறது, ஹப் 1956 என்கிறது என்றால் முரண்பாடு இல்லை. ஹப் செய்து, சில்லில் பூட்டி, றலி ஆலை இருந்த இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமிலிருந்து கப்பலேற்றி, இங்கே கடையில் விற்கும்வரை மாதக்கணக்கில் போயிருக்கும். ஆனால் ஹப் 1961 என்றால் கதை முடிந்தது. அந்தச் சில்லு பிறகு வந்ததுதான். பிந்திய திகதி ஒரு பாகத்தை உறுதியாக நிராகரிக்கும். முந்திய திகதியோ அது பொருந்தக்கூடும் என்று மட்டும் சொல்லும்.

சாதாரண ஒற்றைப் பல்லுச் சைக்கிளில் இந்த வசதி இல்லை. அங்கேதான் திருகிப் பூட்டும் பாகங்களில் வெட்டிய புரி உதவிக்கு வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த சாட்சியும் அதுதான். பெடல் அச்சு ஓடும் கப்பைக் கழற்றி, இடது பக்கத்துக் கப்பின் வெளிப்புரியை எண்ணிப் பாருங்கள். பீ.எஸ்.ஏ, ஹேர்குலிஸ் முதலிய மற்றச் சைக்கிள் கம்பனிகள் அங்கே ஓர் இஞ்சிக்கு 24 புரி வெட்டின. றலி மட்டும் தனக்கென்று 26 புரி வெட்டியது. கப்பில் முழு இஞ்சி நீளத்துக்குப் புரி இருக்காது, பரவாயில்லை. அரை இஞ்சி அளந்து எண்ணினால் 13 வந்தால் றலி, 12 வந்தால் வேறு வீட்டுப் பிள்ளை.

வித்தியாசம் சின்னதுதான். 26 புரியில் ஒரு சுற்றுக்கு 0.977 மில்லிமீற்றர், 24 புரியில் 1.058 மில்லிமீற்றர். ஒரு புரிக்கு 0.08 மில்லிமீற்றர் என்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் அது கூடிக்கொண்டே போகும். பத்துப் புரி போவதற்குள் 0.8 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு முழுப் புரி விலகிவிடும். அதனால்தான் பொருந்தாத கப் முதல் இரண்டு மூன்று சுற்று இலேசாகப் போய், பிறகு இறுகி நின்றுவிடும். அதற்கு மேலும் நீட்டுக் கைபிடிச் சாவி போட்டு முறுக்கியிருந்தால் பிறேமின் உள்புரி நசிந்து, முனைகள் மழுங்கி, உருக்குச் சீவல்கள் கிறீசோடு ஒட்டியிருக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். அப்படி நசிந்த புரியில் இன்று சரியான 26 புரிக் கப் இருந்தாலும், நடுவில் ஒருகாலம் வேறொன்று இருந்திருக்கிறது என்று அர்த்தம். 1960 இல் றலியும் ஹேர்குலிசும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. அதற்குப் பிந்திய ஹேர்குலிசில் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது தேய்மானம். உரசி ஓடும் இரண்டு பாகங்கள் சேர்ந்துதான் தேயும். செயினின் ஊசிக்கு ஊசி தூரம் 12.7 மில்லிமீற்றர். ஊசியும் துவாரமும் தேயத் தேய அந்தத் தூரம் கூடும். நீண்ட செயின் பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் அரித்துக் கொக்கி மாதிரி வளைக்கும். மூன்று கொக்குத் தலை வெட்டிய றலிச் செயின்வீல் அழகாக இருக்கிறதே என்று மயங்காமல் அதன் பல்லைப் பாருங்கள். பின்பல்லு கொக்கியாய்த் தேய்ந்திருக்க, செயின்வீல் பல்லு மட்டும் தேயாமல் நேராக நின்றால், இரண்டும் ஒன்றாக ஓடியவை அல்ல. கம்பி பிறேக்கிலும் இதே நியாயம்தான். கம்பி நுழையும் காதில் துவாரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்தக் கம்பியிலும் அதே உயரத்தில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும்.

சில்லுக் கம்பிகளையும் எண்ணிவிடுங்கள். அந்தக் கால ஆங்கிலேயச் சைக்கிளில் பெரும்பாலும் முன்னுக்கு 32, பின்னுக்கு 40. இரண்டிலும் 36 இருந்தால் சில்லு மாறியிருக்கக்கூடும்.

மினுக்கத்தை நம்பவே கூடாது. றிம்மிலும் ஹாண்டிலிலும் பளபளக்கும் குரோமியப் படலம் ஒரு மைக்றோனுக்கும், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்பு. உருக்கைக் காப்பது அதன் கீழே இருக்கும் நிக்கல். படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. பண்ணைப் பாலத்தில் அடிக்கும் உப்புக்காற்று அந்த வெடிப்பு வழியாக இறங்கி, நிக்கலில் ஓட்டை கண்ட இடத்தில் உருக்கைத் தின்னும். அதனால் கரையோரத்தில் ஓடிய சைக்கிளின் பழைய குரோமியத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாகக் கறல் இருப்பது இயல்பு. அது ஒரு குறையல்ல, நல்ல அடையாளம். குருநகரிலோ நாவாந்துறையிலோ ஓடியது என்று சொல்லப்படும் சைக்கிளில் புள்ளிகூட இல்லாமல் மினுங்கினால், எழுத்து அடித்த இடத்தைத் தடவிப் பாருங்கள். மறுபடி முலாம் பூச முன்னர் மேற்பரப்பைத் தேய்த்து மினுக்குவார்கள். அப்போது எழுத்தின் விளிம்பு உருண்டுவிடும், பழைய கறல் குழிகள் முலாமுக்குக் கீழே மெல்லிய பள்ளமாக நிற்கும். 1939-45 யுத்தகாலச் சைக்கிள் என்று சொல்லி மினுங்கும் பாகங்களோடு காட்டினாலும் சந்தேகப்படுங்கள். நிக்கலும் குரோமியமும் தட்டுப்பாடாக இருந்ததால் அந்நாளில் அந்தப் பாகங்களுக்கும் கறுப்பு மைதான் பூசினார்கள்.

வலிகாமத்துச் சைக்கிள்களில் இன்னொரு குழப்பம் வரும். செயின் கவருக்கு உள்ளே சிவப்பாகப் படிந்திருப்பது கறலா, செம்மண்ணா? நம் செம்மண்ணின் நிறத்துக்கும் இரும்பு ஒட்சைட்டுதான் காரணம் என்பதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஈரத்துணியால் ஒற்றினால் மண் வந்துவிடும், கறல் உலோகத்தோடு நிற்கும். மண் அடைத்த இடத்தில் அதைக் கழுவியதும் கீழே நல்ல பழைய கறுப்பு மை கிடைப்பதுண்டு. முகப்புத் தகட்டுக்குப் பின்னால், சீற் கிளிப்புக்குக் கீழே, பம்ப் மாட்டும் கொளுவிக்கு அடியில் எல்லாம் வெயில் படாத ஒரிஜினல் மை ஒளிந்திருக்கும். வெளியே தெரியும் நிறம் அதோடு ஒத்துவராவிட்டால் மறுபடி மை அடித்திருக்கிறார்கள்.

லாம்புக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப் இருந்தால் அதைத் திறக்க அவசரப்பட வேண்டாம். உள்ளே காந்த வளையம் ஒன்றும் கம்பிச்சுருள் சுற்றிய இரும்பும் இருக்கின்றன. காந்தப் பாயம், அதாவது காந்தத்தின் விசை, அந்த இரும்பு வழியாகத்தான் சுற்றி வருகிறது. இரும்பை உருவி எடுத்தால் பாயம் காற்றுவழியே போக வேண்டிவரும், வளையம் தன் பலத்தைத் தானே இழக்கத் தொடங்கும். அதனால் உருவும்போதே அதன் இடத்தில் வேறொரு இரும்பு வளையத்தைச் செருக வேண்டும். எல்லாம் பழைய பாகமாக இருந்தும் லாம்பு மங்கலாக எரிகிறது என்றால், யாரோ முன்னர் இதைக் கவனிக்காமல் திறந்திருக்கக்கூடும்.

மாறிய பாகங்களை என்ன செய்வது? எங்கள் ஊர்ச் சைக்கிள்களில் பாகம் மாறியதற்குக் காரணம் இருக்கிறது. 1970-77 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை; சைக்கிளில்தான் குடாநாடு ஓடியது. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் அந்தக் காலத்தில்தான். கோண்டாவிலில் நான் பார்த்த ஒரு றலியின் பிறேக் கட்டை, லொறி ரயரை அளவாக வெட்டி இரண்டு ஆணியால் இறுக்கியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்துக் கட்டை வாங்கிப் போட்டால் அந்தச் சைக்கிளின் மதிப்புக் குறைகிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஓடுவதற்காக மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றுங்கள். கழற்றியதை ஒரு பையில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என்று எழுதி, சைக்கிளோடேயே வைத்திருங்கள். இன்னொன்றும் உண்டு. 1956 ஹப் ஒன்று எங்கோ கிடைத்து 1957 சைக்கிளில் பூட்டினால் அது காலத்துக்குப் பொருந்திய பாகம், அவ்வளவுதான். அந்தச் சைக்கிளோடு பிறந்த பாகம் அல்ல. ஹப்பில் இருக்கும் திகதி இந்த வித்தியாசத்தை இனி யாருக்கும் காட்டாது. அதனால் அதையும் எழுதி வையுங்கள், விற்கும்போது வாங்குகிறவருக்கு வாயாலும் சொல்லிவிடுங்கள்.